கரம்பை அடித்த தோட்டம்

தம்பி, பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இதைப் படி. படிக்கும்போது கவிதாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். முதலில் நீ மட்டும் படித்துவிட்டு, பிறகு உன் பெண்டாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைக்காதே. நானும் அப்படிப் பக்குவம் பார்த்துத்தான் சித்திரையையும் வைகாசியையும் கழித்தேன். உன் மாமியார் எனக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் நான் சொல்லவில்லை என்றால் அவரே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். இதை எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனில் பேசிவிடலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தாலே பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள், பேத்தி குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு எழுவதில்லை. அதனால்தான் பேப்பர்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் தோட்டத்து மண்ணில் ஈயம் இருக்கிறது. காட்மியம் என்று இன்னொன்றும் இருக்கிறது. கீரையில் ஏறியிருக்கிறது, கிழங்கில் ஏறியிருக்கிறது. உன் அம்மா அரைத்து அனுப்பின சத்துமாவிலும் இருக்கும். நீ வேலையை விடப் போகிறேன் என்று சொன்னாயே, விடாதே. ஊரோடு வந்துவிடுகிறோம், பாப்பா நம்ம மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு வளரட்டும் என்று சொன்னாயே, அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்திவிடு. எதற்காக நீ வரப் பார்க்கிறாயோ அது இங்கே இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்மாய்ப் பாசனக்காரர்கள் கூடுகிறார்கள், அங்கேயும் இதையேதான் வாசிக்கப் போகிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் தோட்டம் வைத்திருப்பவர்களில், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மூட்டை கட்டி அனுப்பாத வீடு எது? வீட்டு விஷயத்தை ஊர்ச் சபையில் படிக்கிறானே இந்த மனுஷன் என்று நீ கூச்சப்படுவாய். படு. எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

உனக்கு என்னைப் பற்றித் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், கவிதாவுக்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். ராணுவத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிடக் குத்தூசி பிடித்ததுதான் அதிகம். சப்ளை டிப்போவில் ஜவான்களுக்கு வரும் அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் பார்த்து எடுப்பதுதான் என் வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி உருவினால் உள்ளங்கையில் கொஞ்சம் பருப்பு வந்து விழும். பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், ஒன்றை எடுத்துப் பல்லில் கடிப்பேன். ஈரம், புழு, பழசு, கலப்படம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். நான் திருப்பி அனுப்பின லாரிகள் அதிகம். ஒப்பந்தக்காரர்கள் என்னைத் திட்டாத திட்டு கிடையாது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மளிகைக் கடையில் நின்று உளுந்தைக் கடித்துக்கொண்டிருந்தால் உன் அம்மா, "இது ஒங்க டிப்போ இல்ல, நவுருங்க" என்று என் கையைத் தட்டிவிடுவாள். கடைச் சரக்கு எதன் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் தோட்டம் போட்டேன். யூரியா உள்ளே வரக்கூடாது, மருந்து உள்ளே வரக்கூடாது, நம்ம வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதை நாமே விளைவிப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். உன் கல்யாணத்துக்குப் பந்தியில் போட்ட காய் அத்தனையும் அந்தத் தோட்டத்தில் பறித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெண் எடுத்திருக்கிறோம், அவர்கள் நாலு பேருக்குச் சமைத்துப் போட்டே பழகினவர்கள், சமையலில் குறை கண்டுபிடித்தே தீருவார்கள் என்று உன் அம்மா பயந்தாள். நான் இலை இலையாகப் போய், "கடைச் சரக்கு கெடையாதுங்க, அம்புட்டும் நம்ம தோட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ மணமேடையில் இருந்தே, "அப்பாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினாய்.

இனி கரம்பைக்கு வருகிறேன். நீ காலேஜில் கடைசி வருஷம் படித்தபோது ஒரு கோடையில் கண்மாய் சுத்தமாக வற்றிப்போனது. அப்படி வற்றும்போது அடியில் படிந்திருக்கும் வண்டலைத் தோண்டி, வண்டியில் ஏற்றி வந்து வயலில் கொட்டிப் பரப்புவதைத்தான் கரம்பை அடிப்பது என்கிறோம். இந்தப் பக்கத்தில் யார் வயலைக் கேட்டாலும் அதைவிடச் சத்தான உரம் இல்லை என்பார்கள். என் அப்பா மாட்டு வண்டியில் அடித்தார், நான் டிராக்டரில் அடித்தேன். மற்றவர்கள் பேருக்கு நாலு நடை அடித்தால் நான் கோடை முடியும் வரை விடவில்லை. யூரியா போடாதவன் இல்லையா, எனக்கு அதுதானே உரம். கறுப்பாக, பிசுபிசுவென்று, கையில் எடுத்தால் வெண்ணெய் போல இருந்தது. மோந்து பார்த்தேன். நல்ல மண் வாசனை. அதையும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். மறு வருஷம் சிறுகீரை முழங்கால் உயரத்துக்கு வந்தது. முள்ளங்கி என் முன்கை நீளம் இருந்தது. நான் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், நீ உன் ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினாய்.

கண்மாய்க்கு வரும் ஓடையின் மேல்பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை இருந்தது உனக்கு நினைவிருக்கும். சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் தொண்டை கரிக்குது என்று சொல்வாய். வெளியூர்க்காரர்கள் யாரோ பழைய பேட்டரிகளை லாரியில் கொண்டுவந்து உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கி ஏற்றிப் போவார்கள். பெயர்ப் பலகை கிடையாது. மழை பெய்தால் கொட்டகை கழுவின தண்ணீர் ஓடையில் இறங்கும். நாங்கள் நாலைந்து பேர் போய்ப் புகையைப் பற்றிச் சண்டை போட்டோம். கொஞ்ச நாளில் அவர்களே தகரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டார்கள். புகை நின்றது, சனியன் விட்டது என்று நானே பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அது கண்மாய்க்குத்தான் வந்திருக்கிறது, அடியில் படிந்திருக்கிறது. வற்றினதும் நான் அதை வெட்டி அள்ளி, என் தோட்டத்தில் கொட்டி, பாத்தி கட்டியிருக்கிறேன்.

இது தெரிய வந்ததே உன்னால்தான். ஊருக்கு வந்து தோட்டத்தைப் பெரிதாகச் செய்யப் போகிறாய், ஆர்கானிக் என்று சர்டிபிகேட் வாங்கி ஆன்லைனில் விற்கப் போகிறாய், அதற்கு மண்ணும் காயும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினாயே. சின்னப் பெண்தான், வந்த அன்று வரப்பு வரப்பாக நடந்து மண் எடுத்தாள், கீரை பறித்தாள், கிணற்றுத் தண்ணீர் எடுத்தாள், போகும்போது ஒரு பை கத்திரிக்காயும் வாங்கிப் போனாள். இரண்டாவது முறை வந்தபோது உன் அம்மா கொடுத்த மோரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குடிக்காமலே இருந்தாள். நான்தான் கேட்டேன். "என்ன தாயி, ரிசல்ட்டு வந்துருச்சா? நல்லா வந்திருக்குமே."

"சார், நீங்க செத்த நேரம் உக்காருங்க. மண்ணுல ஈயம் ரொம்பக் கூடுதலா இருக்கு. கீரையிலயும் இருக்கு."

"ஈயமா? எங்க வீட்டுல ஈயச் சொம்புலதான் ரசம் வைக்காக. எங்க அம்மா காலத்துச் சொம்பு. அதுல என்ன கேடு?"

"அது வெள்ளீயம் சார். இது காரீயம், பேட்டரில இருக்கது. ரெண்டும் வேற. இது ஒடம்புக்குள்ள போனா எலும்புல போய் ஒக்காந்துக்கும்."

நான் விடவில்லை. கழுவினால் போகாதா என்றேன். மேலே ஒட்டின மண்ணு போகும், உள்ளே ஏறினது போகாது என்றாள். வேக வைத்தால்? போகாது. மோந்து பார்த்தால், கடித்துப் பார்த்தால் தெரியுமா? "தெரியாது சார். ருசி மாறாது, நெறம் மாறாது." வாழ்நாள் முழுக்க மூட்டை மூட்டையாகக் கடித்துப் பார்த்தவனிடம் அவள் சாதாரணமாக அதைச் சொன்னாள். உன் அம்மா அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"பாப்பா?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு உன் அம்மாவே சொன்னாள். பாப்பாவுக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தோட்டத்துக் கேழ்வரகு, பாசிப்பயறு, அதோடு இங்கே பறித்து நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கைக் கீரை, எல்லாம் சேர்த்து மாவாக அரைத்து மாசா மாசம் அனுப்புகிறோம் என்றாள். கீரைப் பொடியைக் கூடக் கொஞ்சம் போடுவாள், ரத்தம் ஊறட்டும் என்று. அந்தப் பெண் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் உடம்பு இதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது, படிப்பு, கவனம், ரத்தம் எல்லாவற்றையும் மெதுவாகக் கெடுக்கும் என்றாள். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும், உடனே நிறுத்தினால் ரத்தத்தில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றும் சொன்னாள். போகும்போது, "நான் ஒங்க மகன் கிட்டயும் பேசட்டுமா சார்?" என்று கேட்டாள். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன் தம்பி. என் கோபம் உனக்குத் தெரியும். பேட்டரிக்காரன் மேலாவது வரும், என் மேலாவது வரும் என்று பார்த்தேன். வரவே இல்லை. அழுகையும் வரவில்லை. உன் அம்மா அரிசி களைந்து உலை வைத்தாள். நான் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினேன், ஏன் பாய்ச்சுகிறேன் என்றுகூடத் தோன்றவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம். மறுநாளிலிருந்து உன் அம்மா தெருவில் வரும் வண்டியில் காய் வாங்க ஆரம்பித்தாள். நான் மட்டும், எனக்குத் தோட்டத்துக் கீரைதான் வேண்டும் என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை, சண்டையும் போடவில்லை. தனித்தனியாக இரண்டு சட்டியில் வைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு கீரை. நான் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் அப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் என் சட்டியிலிருந்து கரண்டியில் எடுத்தவளிடம், "ஒஞ்சட்டில இருக்கறதப் போடு" என்றேன். போட்டாள்.

நீ கேட்பாய், எனக்கு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று. பாப்பா வாயில் அந்த மாவு இனிப் போகக்கூடாது, அதற்கு மட்டும் அன்று சாயங்காலமே வழி பண்ணினோம். உன் அம்மா கவிதாவுக்குப் போன் செய்து, இந்த முறை இரண்டு மாசத்துக்குச் சேர்த்து அனுப்பின மாவில் வண்டு விழுந்திருக்கும் போலிருக்கிறது, கொடுக்காதே, கொட்டிவிடு என்று சொன்னாள். சரி அத்தை என்றாள். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது, மிச்சத்தை நீ ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்களே சமாதானம் செய்துகொண்டோம். நீ வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். நீயோ ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் திட்டம் சொன்னாய். சொட்டு நீர் போடணும்ப்பா, பாப்பாவுக்குன்னு ஒரு பாத்தி தனியா விடணும்ப்பா, அவ கையாலயே விதை போடட்டும் என்று சொல்லிக்கொண்டே போனாய். ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டபோதெல்லாம் இன்னும் வரவில்லை என்றேன், மற்றதற்கு உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூட்டையை நிறுத்தினால் நீ ஏன் என்று கேட்பாய் என்பதால் அதையும் நிறுத்தவில்லை. சந்தையில் காய் வாங்கி, நம்ம பழைய சாக்கில் கட்டி, வழக்கம்போல ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ராஜபாளையத்துச் சந்தையில் என்னை எல்லோருக்கும் தெரியும், தோட்டக்காரன் கத்திரிக்காய் வாங்குகிறான் என்று கேலி செய்வார்கள். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கினேன். நீ விடிகாலையில் பெருங்களத்தூரில் போய் நின்று மூட்டையை இறக்கி எடுத்துப் போய், சாயங்காலம் போன் செய்து, "அப்பா, என்ன இருந்தாலும் நம்ம தோட்டத்து ருசியே தனிப்பா" என்றாய். உன் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டு மாசத்தில் எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா வந்தாள். மேல் உதட்டில் மாவுக் கஞ்சி மீசை. டம்ளரைக் காமிராவுக்குக் காட்டி, "தாத்தா, மாவு தீரப் போகுது, இன்னும் அனுப்பு" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. கவிதா பின்னால் இருந்து, "வண்டெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, சல்லடைல சலிச்சுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. அத்தை கைப்பட அரைச்சது, கொட்ட மனசு வரல" என்றாள். வேறு மருமகளாக இருந்தால் மாமியார் அனுப்பினதைக் கொட்டிவிட்டுக் கொட்டவில்லை என்று சொல்வாள். உனக்கு வாய்த்தவள் கொட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள். எங்கள் பொய்க்கு அப்புறமும் பாப்பா தினமும் அதைத்தான் குடித்திருக்கிறாள். அந்த மாவை இனி யாரும் தொடக்கூடாது, ஏன் என்று கேட்காதே என்று நான் சத்தம் போட்டேன், நீ, "அப்பாவுக்கு வண்டுன்னாலே ஆகாது" என்று சிரித்தாய்.

மறுநாள் காய் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் பதில் கிடையாது, திங்கட்கிழமை போவது வழக்கமாகிவிட்டது, கால் போனது. கீரைக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கையில் பின்னால் உன் மாமியார் குரல். "என்ன அண்ணே, ஊருக்கே கீரை குடுக்கவுக, காசு குடுத்துக் கீரை வாங்குதிய?" முயல் தின்றுவிட்டது என்று ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. அந்த மாவு டம்ளர்தான் கண்ணில் நின்றது. அங்கேயே, தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கும் எத்தனை வருஷம் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறேன். அவர் அதைக் கேட்கவில்லை. மடவார் வளாகம் வரை என்னோடு நடந்து வந்தார். கோயில் வாசல் வந்ததும் நின்றார்.

"எம் மவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது தாயி."

"மாப்பிள்ளைக்கு?"

"தெரியாது."

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா? வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறவு ஒங்க மரியாதய நான் பாக்க மாட்டேன் அண்ணே."

நியாயமான பேச்சு. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வாங்கின கீரைக்கட்டை என் கையிலிருந்து எடுத்து, "இது நல்ல கீரதான?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? யார் தோட்டத்தில், எந்தத் தண்ணீரில், எந்தக் கண்மாய்க் கரம்பையில் வளர்ந்ததோ. தெரியாது என்றேன்.

இங்கே இருப்பவர்களிடமும் பேசிப் பார்த்தேன். அடுத்த தோட்டக்காரர் மாட்டுக்குக் கேழ்வரகுத் தட்டை கேட்டு வந்தார், மாட்டுக்கும் வேண்டாம் என்றேன். காரணத்தைக் கேட்டதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "ஏன்யா, நானும் அதே கரம்பதான அடிச்சேன்? இத வெளிய சொன்னீருன்னா நம்ம காய ஒரு பய தொட மாட்டான். எம் பொழப்பு என்னாவும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயம். அவர் பேத்தியும் வெளியூரில் இருக்கிறாள், அவளுக்கும் மூட்டை போகிறது. அதைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். கண்மாயிலும் மண் எடுத்துப் பார்க்கட்டும். யார் யார் தோட்டத்தில் எம்புட்டு இருக்கிறது என்று தெரியட்டும். எனக்கு அதில் தைரியம் ஒன்றும் கிடையாது தம்பி, உனக்குச் சொன்ன பிறகு வேறு யாருக்குச் சொல்லவும் பயப்பட ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

கவிதா, இனி உனக்குச் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஆறு மாசம் ஆனபோது, டாக்டர் சொன்னார் என்று நீ கடையில் ஒரு டப்பா மாவு வாங்கி வைத்திருந்தாய். அதை நான் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, இதில் எத்தனை நாள் பழசோ, யார் கை பட்டதோ, எங்க வீட்டுப் பிள்ளைக்கு டப்பா மாவா என்று உன் அம்மா முன்னாலேயே கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டாய். பாதி டப்பா கடைசி வரை அப்படியே இருந்தது. நீ அன்றைக்கு என்னை எதிர்த்துப் பேசியிருக்கலாம் அம்மா. இனிமேல் பேசு. வயசான ஒருத்தர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், எம்புட்டுப் பாசத்தோடு சொன்னாலும், பிள்ளை விஷயத்தில் உனக்குச் சந்தேகம் இருந்தால் கேள். அதை நாங்கள் மரியாதைக் குறைவு என்று முகத்தைத் தூக்கினால் தூக்கிவிட்டுப் போகட்டும்.

தம்பி, இனி செய்ய வேண்டியது. நாளைக்கே பாப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று பேரைச் சொல்லியே கேள், சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரியாதாம். எத்தனை வருஷமாக, எது எது சாப்பிட்டாள் என்று ஒளிக்காமல் சொல். எங்களைக் காப்பாற்றுவதற்காக எதையும் விடாதே. நீயும் பார்த்துக்கொள், கவிதாவும் பார்த்துக்கொள்ளட்டும். ஊசி போடும்போது பாப்பாவை நீ மடியில் வைத்துக்கொள். வேலையை விடாதே. உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், உன் மேனேஜரைப் பற்றி நீ சொல்வதையெல்லாம் கேட்டிருக்கிறேன். பிடிக்காத வேலையில் இருந்துகொண்டு வேறு நல்ல வேலை தேடு, அதில் தப்பில்லை. இந்தத் தோட்டத்தை நம்பி வேலையை விடாதே. நாங்கள் இங்கே இனி வாயில் வைக்கிற எதையும் போடப்போவதில்லை. சம்பங்கி போடலாமா, தேக்கு வைக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். லீவுக்கு நீங்கள் வாருங்கள். வீட்டில் இருங்கள், சந்தைக் காய் சமைப்போம். ஆனால் பாப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக மாட்டேன். போன பொங்கலுக்கு வந்தபோது அவள் பாத்தியில் உட்கார்ந்து மண்ணை வாயில் போட்டதும், "நம்ம மண்ணுதான, ஒண்ணும் பண்ணாது" என்று நான் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான் அது தெரிகிறது. உன் அம்மா எதிரே உட்கார்ந்து நான் எழுதி முடித்த பக்கங்களை வாங்கி வாங்கிப் படிக்கிறாள். முருங்கைக் கீரை என்று எழுதின இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

டப்பாவில் மீதி இருக்கும் சத்துமாவை நீயே எடு, கவிதாவைச் செய்ய வைக்காதே. வீணாகப் போகிறதே என்று செடித்தொட்டியில் கொட்டாதே, உங்கள் பால்கனிக்கு வரும் புறாவுக்கும் போடாதே. டப்பாவோடு ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடு. பாப்பா பார்க்காத நேரமாகச் செய். அவள் கட்டாயம் கேட்பாள், அந்த டப்பாவை அவளுக்குத் தெரியும். ஆச்சிக்கு அரைக்க முடியவில்லை என்று சொல்லிவிடாதே. உன் அம்மா பேரை இதில் இழுக்காதே, அவள் அரைத்ததில் ஒரு குறையும் கிடையாது. தாத்தாவுக்குத் தோட்டம் போடத் தெரியவில்லை என்று சொல்.

அப்பா